திறப்பு விழாவுக்கு அப்புறம்: பள்ளி அடுப்பு சொல்லும் பாடம்



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடித்து, டீ வந்துகொண்டிருந்த நேரம். நிலக்கோட்டைப் பக்கத்து அக்கா ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "வருசா வருசம் புதுசு புதுசா என்னென்னமோ கொண்டு வர்றாங்க. பாதி நிக்குது, பாதி காணாமப் போயிருது. எது நிக்கும், எது போகும்னு முன்னாடியே தெரிஞ்சா நாமளும் அதுக்குத் தக்கன மெனக்கெடலாம்ல?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அன்று ராத்திரி பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தால் அது சிரிக்கிற கேள்வியாகத் தெரியவில்லை. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று நமக்குப் பக்கத்தில் இருக்கிற உள்ளாட்சிகள் மூலமாக எத்தனையோ புதுச் சேவைகள் வருகின்றன. அவற்றில் நாமும் உழைக்கிறோம். நின்று போனால் முதலில் ஏமாறுவதும் நாம்தான். ஆகவே இந்த மாதப் பாடம் அந்த அக்காவின் கேள்விக்கே.

முதலில் போன கதை ஒன்று. பெயர் சொல்ல வேண்டாத ஒரு ஊரில் குப்பையைத் தரம் பிரிக்க வீட்டுக்கு இரண்டு கூடை கொடுத்தார்கள். மக்குவதற்குப் பச்சை, மக்காததற்குச் சிவப்பு. மண்புழு உரக் கொட்டகையும் கட்டினார்கள். திறப்பு விழாவில் நாங்களும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். மூன்றே மாதத்தில் பச்சைக் கூடை வெங்காயம் போடவும், சிவப்புக் கூடை துணி ஊற வைக்கவும் ஆகிவிட்டது. காரணம் கேட்டால் ஒரு பாட்டி சொன்னார்: "நாங்க பிரிச்சுத்தான் குடுத்தோம். வண்டியில ஒண்ணாத்தான கொட்டுறான்?" வண்டி ஓட்டியவரிடம் கேட்டால், வண்டியில் தடுப்பு இல்லை, கொட்டகைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை என்றார். கொட்டகையில் தொங்கியது நல்ல திண்டுக்கல் பூட்டு. அது மட்டும்தான் அந்தத் திட்டத்தில் இன்றைக்கும் கெடாமல் இருக்கிறது.

கூடையில் தப்பு இல்லை. திட்டத்திலும் தப்பு இல்லை. தினமும் காலையில் யார் எதைச் செய்வது, அதற்குப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும், செய்யாவிட்டால் யாருக்கு உடனே தெரியும் என்ற மூன்றும் யாருக்கும் தெரியவில்லை. விழா முடிந்ததும் திட்டமும் முடிந்தது.

இனி நின்ற கதை. அது நம் கையில் இருக்கிற கதைதான். பள்ளிக்கூடக் காலை உணவு.

சென்னையில் 1920

பள்ளியில் சோறு போடுவது என்றதும் நம்மில் பலருக்கு எம்.ஜி.ஆர். ஞாபகம் வரும். வயதான அம்மாக்களுக்குக் காமராசர் ஞாபகம் வரும். ஆனால் நம் மாநிலத்தில் இதற்கு முதலில் பணம் ஒதுக்கியது ஒரு உள்ளாட்சி. 1920-ல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் அப்போது மாநகராட்சி மன்றத் தலைவர். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவு போகக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரித்தார்கள். அந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23-ல் 811 பேராக இருந்த பிள்ளைகள் 1924-25-ல் 1,671 ஆனார்கள். இரண்டே வருடத்தில் இரட்டிப்பு!

இவ்வளவு நன்றாக நடந்தது என்ன ஆயிற்று தெரியுமா? 1925-ல் நின்றுவிட்டது. சமையலில் குறை இல்லை, பிள்ளைகள் வராமலும் இல்லை. தொடக்கக் கல்விக்கான நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவு செய்ய வெள்ளைக்கார அரசாங்கம் அனுமதிக்கவில்லை. அதாவது, பணம் எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்ற ஒரு வரியில் அத்தனை பிள்ளைகளின் தட்டும் காலியானது. மறுபடி 1927-ல்தான் 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று தொடங்க முடிந்தது.

தீர்மான நோட்டு எழுதுகிற நமக்கு இது புரியாத விசயம் இல்லை. சுழல் நிதியில் வந்த பணத்தை வேறு காரியத்துக்கு எடுத்தால் தணிக்கையில் என்ன கேள்வி வரும் என்று ஊக்குநர்களுக்கு நன்றாகத் தெரியும். நல்ல காரியம் என்பதால் மட்டும் கணக்கு ஒத்துக்கொள்ளாது.

இதே தடங்கல் இங்கிலாந்திலும் வந்திருக்கிறது. அங்கே பிராட்போர்டு என்ற நெசவாலை நகரம். நம்ம வேடசந்தூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போவது மாதிரி, அங்கேயும் பெண்கள் விடியற்காலையில் மில்லுக்குப் போன காலம் அது. பசியோடு வருகிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று மார்கரெட் மெக்மில்லன் என்ற அம்மையார் அங்கே விடாமல் வாதாடினார். ஆனால் நகராட்சி வரிப்பணத்தில் சோறு போடச் சட்டத்தில் இடமில்லை. 1906-ல் சட்டம் வந்த பிறகுதான் உள்ளாட்சி வரியில் ஒரு சிறு பங்கை, பவுனுக்கு அரைப் பென்னி அளவுக்கு, பள்ளி உணவுக்கு எடுக்க முடிந்தது. அடுத்த வருடம் பிராட்போர்டில் ஒரு வேலை செய்தார்கள். உணவு கொடுத்த பிள்ளைகளை வாராவாரம் எடை பார்த்தார்கள். உணவு கொடுத்த வாரங்களில் எடை ஏறியது, விடுமுறை விட்டதும் இறங்கியது. அதற்கப்புறம் யாரும், "வீட்டில்தான் சாப்பிடுகிறார்களே" என்று சொல்ல முடியவில்லை.

காமராசர், எம்.ஜி.ஆர். காலம்

1956-ல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். அப்போது ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்குப் பத்து காசு என்று கணக்கு. ஆறு காசு அரசாங்கம், நாலு காசு ஊர். ஊர்க்காரர்கள் அரிசி கொடுத்தார்கள், விறகு கொடுத்தார்கள், காய் கொடுத்தார்கள். ஊரே சேர்ந்து செய்வது அழகுதான். எங்களுக்கும் அதைப் படிக்கும்போது மனசு நிறையும். ஆனால் மழை பொய்த்த வருசத்தில் அந்த நாலு காசு எங்கிருந்து வரும்? மானாவாரி பூமியில் இருக்கிற நமக்கு அது சொல்லாமலே தெரியும். ஊர்ப்பங்கு வேண்டும், ஆனால் அடுப்பே ஊர்ப்பங்கை நம்பி எரியக்கூடாது என்பது எங்கள் எண்ணம்.

1982 ஜூலை 1 அன்று திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். அதில் வந்த பெரிய மாற்றம் அளவு மட்டும் அல்ல. ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மூன்று பேரைப் போட்டார்கள். அடுப்புக்கு ஆள் வந்தது, அந்த ஆளுக்குச் சம்பளக் கணக்கு வந்தது. லட்சக்கணக்கான பெண்கள், அதில் கணவனை இழந்தவர்கள், ஆதரவில்லாதவர்கள் பலர், கையில் காசு பார்த்தார்கள். அப்புறம் ஆட்சிகள் மாறின. ஆனால் யாரும் அடுப்பை அணைக்கவில்லை, மேலே ஒன்று சேர்த்துக் கொடுத்தார்கள். 1989-ல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 2010-ல் அது வாரம் ஐந்து முட்டை ஆனது. ஒரு கட்சியின் திட்டம் என்ற பேர் போய் ஊர்ப் பிள்ளைகளின் உரிமை என்று ஆகிவிட்டால் அப்புறம் அதை நிறுத்த யாருக்கும் தைரியம் வராது.

காலை உணவு

மதிய உணவு இருக்கிறது. அப்புறம் எதற்குக் காலை உணவு? இந்தக் கேள்வியை எங்களிடமே கேட்டவர்கள் உண்டு. அவர்கள் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் விடியற்காலை நாலரை மணிக்கு வந்து பார்க்க வேண்டும். மொட்டு விரியும் முன்னால் பறித்தால்தான் மார்க்கெட்டில் விலை. அம்மா டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு பூவெடுக்கப் போய்விடுவாள். ஆறேழு வயசுப் பிள்ளை தானே எழுந்து, தானே தலை சீவி, பழைய சோறு இருந்தால் தின்று, இல்லாவிட்டால் கடையில் ஒரு பாக்கெட் முறுக்கு வாங்கிக்கொண்டு பள்ளிக்கு வரும். இரண்டாவது பாட வேளையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும். மதியம் ஒரு மணி வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு வாத்தியார் சொல்வது எது காதில் ஏறும்? இந்த ஓட்டையை அடைக்கத்தான் காலை உணவு வந்தது. அலங்காரத்துக்கு வந்த புதுமை இல்லை.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரை சிம்மக்கல்லில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் அப்போதைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இதைத் தொடங்கினார். நமக்குப் பக்கத்து ஊர்தான். முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள். அதில் 417 மாநகராட்சிப் பள்ளிகள், 163 நகராட்சிப் பள்ளிகள், 728 ஊராட்சிப் பகுதிப் பள்ளிகள், 237 மலைப் பகுதிப் பள்ளிகள். எடுத்த எடுப்பில் எல்லாப் பள்ளியிலும் ஆரம்பிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதைக் கவனியுங்கள். பெரிய நகரம், சின்ன நகரம், கிராமம், மலை என்று நாலு விதமான இடத்திலும் செய்து பார்த்தார்கள். மலையில் லாரி வராத நாள் உண்டு, நகரத்தில் பள்ளியில் சமைக்க இடம் கிடையாது, கிராமத்தில் பிள்ளைகள் எண்ணிக்கை இருபதுகூட இருக்காது. சிக்கல் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.

செய்ததை அளந்தும் பார்த்தார்கள். 2023-ல் மாநிலத் திட்டக்குழு கணக்கெடுத்தபோது 1,543 பள்ளிகளில் 1,319 பள்ளிகளில் வருகை கூடியிருந்தது. மீதிப் பள்ளிகளில் ஏன் கூடவில்லை என்பதும் நமக்கு முக்கியம். சமைக்கிற நேரம் தவறியதா, ருசியா, தூரமா, வேறு ஏதாவதா என்று ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாகப் போய்க் கேட்க வேண்டிய கேள்வி அது.

2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் இரண்டாம் கட்டம் தொடங்கி, மாநிலத்தின் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. 15.75 லட்சம் பிள்ளைகள், ரூ.404.41 கோடி ஒதுக்கீடு. 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளும் சேர்ந்தன. நம் மாவட்டத்தில் குழுப் பெண்கள் பலர் இந்த இரண்டாம் கட்டத்தில்தான் பள்ளி அடுப்பில் கை வைத்தார்கள்.

பெத்தவளே சமைப்பது

இந்தத் திட்டத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. கிராமத்தில் சமைக்கிறவர் அதே ஊர் மகளிர் குழு உறுப்பினராக இருக்க வேண்டும், அவருடைய பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும். யார் யோசித்தார்களோ, புண்ணியவான். இந்த ஒரு விதி பத்து ஆய்வாளர் செய்கிற வேலையைச் செய்கிறது. ரவையில் வண்டு இருந்தால் அதைச் சலிக்காமல் போடுவாளா பெத்தவள்? சாம்பாரில் காரம் கூடினால் மதியமே அவள் பிள்ளை வந்து, "அம்மா, நாக்கு எரியுது" என்று சொல்லிவிடும். புகார் பெட்டி வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம்.

அதோடு, பரிமாறும் முன்னால் பள்ளியில் பெரியவர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும். சமையல் எப்போது தொடங்கியது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று செல்போன் ஆப்பில் பதிய வேண்டும். முதல் மாதம் இந்த ஆப்பைக் கண்டு பயந்தவர்கள் அதிகம். "கரண்டி பிடிக்கச் சொன்னா போனைப் பிடிக்கச் சொல்றாங்களே" என்று ஒரு மதினி புலம்பினார். இப்போது அவர்தான் பக்கத்து ஊர் பெண்களுக்குச் சொல்லித் தருகிறார். கோபுரம் கிடைக்காத இடத்தில் பள்ளிச் சுவரின் எந்த மூலையில் நின்றால் சிக்னல் வரும் என்பது வரைக்கும் அவருக்கு அத்துப்படி.

என்ன சமைப்பது என்பதிலும் மேலே ஒரு சட்டம் இருக்கிறது, கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். தானியம் ஒரு பிள்ளைக்கு 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். கூடவே அந்தந்த ஊரில் விளைகிற காய். வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூர்ச் சிறுதானியத்தில் செய்யலாம் என்றும் வழிமுறையில் உண்டு. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டைப் பக்கத்தில் வைத்திருக்கிற நமக்குக் காய்க்கு என்ன பஞ்சம்? ஆனாலும் சில பள்ளிகளில் தினமும் ஒரே பூசணிக்காய் சாம்பார் என்று கேள்விப்பட்டோம். விலை குறைவு, வெட்டுவது சுலபம், அதனால். குழுக் கூட்டத்தில் இதைப் பேச வெட்கப்பட வேண்டாம்.

பிள்ளைகள் அரிசி உப்புமாவை மிச்சம் வைத்தார்கள். பல ஊரிலிருந்தும் இந்தப் பேச்சு மேலே போனது. 2025-ல் சட்டமன்றத்தில், அரிசி உப்புமாவுக்குப் பதில் பொங்கலும் சாம்பாரும் என்று அறிவித்தார்கள். ஆறு வயசுப் பிள்ளை தட்டில் வைத்த மிச்சம் சட்டமன்றம் வரைக்கும் போயிருக்கிறது என்பதை நினைத்தால் எங்களுக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

எங்கள் தப்பு ஒன்று

நல்லதை மட்டும் எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நாங்கள் பொறுப்பு பார்த்த ஒரு பள்ளியில், தொடங்கி இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை, அடுப்பு எரியவில்லை. சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மாற்றுச் சிலிண்டரும் காலி. பதிவு செய்வது பள்ளி வேலை என்று சமைக்கிற பெண் நினைத்திருந்தார். குழுவின் வேலை என்று பள்ளியில் நினைத்திருந்தார்கள். கூட்டமைப்பு பார்த்துக்கொள்ளும் என்று ஊராட்சியில் நினைத்திருந்தார்கள். கூட்டமைப்பு என்றால் அதில் நாங்களும்தான். நாங்கள் திறப்பு விழாப் போட்டோவை மாவட்டத்துக்கு அனுப்புவதில் மும்முரமாக இருந்தோம். அன்றைக்கு அந்தப் பெண் தன் வீட்டு அடுப்பில் பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் கிச்சடி செய்து தூக்கிக்கொண்டு வந்தார். வரும்போது பள்ளி மணி அடித்து அரை மணி ஆகியிருந்தது. யாரையும் திட்டவில்லை. பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, "நாளைக்கும் இப்படித்தானா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எங்களுக்குத் தலை நிமிரவில்லை.

மறுநாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அடுப்படியில் ஆணி அடித்துத் தொங்கவிட்டோம். சிலிண்டர் மாற்றிய தேதி, அடுத்ததைப் பதிந்த தேதி, பதிந்தவர் கையெழுத்து, சரக்கு வந்த நாள், குறைவு. சமைக்கிறவருக்கு உடம்பு முடியாவிட்டால் யார் வருவார் என்று மாற்று ஆளின் பெயரும் முதல் பக்கத்தில். அதற்கு அப்புறம் அந்தப் பள்ளியில் ஒரு நாளும் அடுப்பு தவறவில்லை. இருபது ரூபாய் நோட்டு. இதைத் தொடங்கும் முன்னாலேயே செய்திருக்கலாம்.

பேச வேண்டிய இரண்டு

ஒன்று சாதி. 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி என்ற ஊரில், சமைக்கிற பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்று சில வீடுகளில் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. காமராசர் மதிய உணவைத் தொடங்கிய அதே எட்டயபுரத்துக்குப் பக்கத்தில்! எம்.பி. கனிமொழியும், அமைச்சர் கீதா ஜீவனும், அதிகாரிகளும் பள்ளிக்கே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிள்ளைகளும் சாப்பிட்டார்கள்.

எல்லா ஊருக்கும் அமைச்சர் வர முடியாது. நம் பகுதியிலும் வாய் திறந்து சொல்லாமல், "எம்புள்ளைக்கு உப்புமா சேராது" என்று டிபன் பாக்ஸ் கொடுத்து அனுப்பிய வீடுகள் உண்டு. எதற்குச் சேராது என்று நமக்குத் தெரியும். ஒரு ஊரில் குழுத் தலைவி என்ன செய்தார் என்றால், பேசவே இல்லை. வாரம் ஒரு நாள் காலையில் தன் பேத்தியோடு போய், அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சமைத்தவர் கையால் வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த வாரம் குழுவில் இன்னும் இரண்டு பேர் போனார்கள். டிபன் பாக்ஸ் ஒவ்வொன்றாகக் குறைந்தது. இரண்டு வீடு இன்னும் மாறவில்லை. அந்த இரண்டு வீட்டிலும் நம் குழு உறுப்பினர்கள் இருக்கிறார்கள் என்பதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, சமைக்கிறவரின் கூலி. இது மதிப்பூதியம், சம்பளம் அல்ல. விடியற்காலை ஐந்தரை மணிக்கு வந்து ஒன்பதரைக்கு மேல் பாத்திரம் கழுவிப் போகிறவருக்கு அந்த நேரத்துப் பூவெடுப்புக் கூலி போய்விடுகிறது. அதோடு, பெத்தவளே சமைக்கணும் என்று நாங்கள் மேலே மெச்சிய விதிக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனால் அம்மாவும் இடம் விட வேண்டும். "எம்மகன் பாஸானா நான் ஃபெயில்" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு உதட்டோடு நின்றது. ஐந்து வருடம் ஒரு பெண் பழகிய கைப்பக்குவம், கணக்கு, ஆப் எல்லாம் அவரோடு போய்விடும். புதியவருக்கு வழி விடுவதும் நியாயம்தான். ஆனால் போகிறவர் வருகிறவருக்கு ஒரு மாதமாவது கூட இருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும், அந்த மாதத்துக்கு அவருக்கும் ஊதியம் வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. மதிப்பூதியம் எந்தத் தேதியில் வந்தது என்பதையும் அந்த அடுப்படி நோட்டிலேயே எழுதச் சொல்கிறோம். தேதி எழுதி வைத்தால்தான் தாமதத்தைக் கேட்க முடியும். வாய்ப்பேச்சுக்கு, "பார்க்கலாம்மா" என்பதுதான் பதில்.

நிலக்கோட்டை அக்காவுக்கு

அக்கா, நீங்கள் கேட்டதற்கு எங்களுக்குத் தெரிந்த பதில் இது. புதுசாக ஒன்று வந்தால், அது எவ்வளவு புதுசு என்று பார்க்காதீர்கள். பணம் எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். 1925-ல் சென்னையில் நின்றது அதனால்தான். காலையில் செய்கிற ஆளின் பெயரைக் கேளுங்கள், துறையின் பெயர் போதாது. அந்த ஆள் தவறினால் அன்றைக்கே யாருக்கு வலிக்கும் என்று கேளுங்கள். பச்சைக் கூடை விசயத்தில் யாருக்கும் வலிக்கவில்லை. பள்ளி அடுப்பில் பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் அவர்கள் அம்மாக்களுக்கும் வலித்தது.

2025 ஜனவரியில் நம் மாவட்டம் உட்படப் பல மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் மாறினால் நின்று போகிற வேலைகள் எத்தனையோ பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த வாரமும் நாங்கள் போன பள்ளிகளில் கிச்சடி வெந்துகொண்டிருந்தது. ஒரு தலைவரின் ஆர்வத்தை மட்டும் நம்பி அடுப்பு வைக்கவில்லை என்பதால்.

கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 தேதிகளில் நடக்கும். 2022-லிருந்து மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளையும் சேர்த்திருக்கிறார்கள். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை உண்டு. நம்ம திண்டுக்கல் 1866-லேயே நகராட்சி, 2014-லிருந்து மாநகராட்சி. அங்கேயும் நம் குழுக்கள் இந்தச் சபைகளில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்து வருவதோடு நின்றுவிடக் கூடாது. பள்ளிச் சமையல்கூடத்தின் தண்ணீர்க் குழாய், கூரை ஒழுகல், மாற்று ஆள், மதிப்பூதியத் தேதி, இதில் எது உங்கள் ஊரில் குறையோ அதைத் தீர்மானமாக எழுத வைத்து நகல் வாங்குங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு காலை வேளை உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய்விட்டு வாருங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டாம். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அன்று என்ன சமையல், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எந்தத் தட்டில் என்ன மிச்சம், சிலிண்டர் எத்தனை இருக்கிறது, உடம்பு முடியாவிட்டால் மாற்று ஆள் யார் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். சமைக்கிறவர் உங்கள் குழுவிலேயே இருந்தால் அவரையும் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கூட்டி வாருங்கள். காலை வேலை முடித்து அவர் வந்து சேர நேரமாகும் என்பதால் கூட்டத்தை இந்த முறை பத்தரைக்குப் பதில் பதினொன்றரைக்கு வைத்திருக்கிறோம்.